பீரோவுக்குள் ஒரு பி.இ.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அம்மாவின் பீரோவுக்குள் உட்கார்ந்து ஐந்து மாதம் வேலை பார்த்தவன் நான். தலைக்கு மேலே பட்டுப்புடவைகள், காலடியில் அந்துருண்டை, நடுவில் பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்.

படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவனுக்கு வாரத்தில் ஆறு நாள் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பேஜார். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் செருப்பைத் தேடும்போது யாராவது ஒரு அங்கிள் தோளில் கை போடுவார். "தம்பி இப்ப என்ன பண்றீங்க?" ("சும்மாத்தான் இருக்கேன் அங்கிள்" என்று மூன்று வருடமாக ஒரே பதிலை, குரலை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.) கூடப் படித்தவர்கள் எல்லாம் கேளம்பாக்கம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் போன் செய்தார்கள், பிறகு மெசேஜ், பிறகு பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம். அதுவும் நின்றுபோனது.

அப்போதுதான் அந்த ஆன்லைன் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் பேச்சு புரிய வேண்டும். அதற்காக நாம் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். "விளக்கை அணை." "நாளை மழை பெய்யுமா?" "அம்மாவை அழை." ஒரு நாளைக்கு முந்நூறு வாக்கியம். ஒன்றுக்கும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பதிவுகளைச் சரிபார்ப்பவருக்குப் பெயர் கிடையாது, 'பரிசோதகர் 14' மட்டும்தான். ஒருநாள் மத்தியானம் தாங்க முடியாமல் அவருக்கு, "சாப்டீங்களா சார்?" என்று எழுதினேன். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று பதில் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையே இரண்டு தடவை படித்தேன்.

வேலைக்கு முதல் விதி, பதிவில் வேறு எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது, வேறு எந்த ஆளும் இருக்கக் கூடாது. ஆள் பிரச்சினை இல்லை. அம்மா ஸ்கூல் டீச்சர், அப்பாவுக்கு பாரிஸ் கார்னரில் வேலை. இரண்டு பேரும் காலையில் கிளம்பினால் இருட்டும்போதுதான் வருவார்கள். சத்தத்தைத் தடுக்கத்தான் வழியில்லை. எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். ஒரு பக்கம் ரயில், மேலே விமானம், தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பழைய இரும்பு வாங்க வரும் வண்டி. பாத்ரூமில் வாசித்தேன், எதிரொலி என்று திருப்பிவிட்டார்கள். போர்வைக்குள் வாசித்தேன், மூச்சு இரைக்கிறது என்றார்கள். கடைசியில் புடவைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தேன். பீரோவின் கீழ்த்தட்டை அப்பாவே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிக் கொடுத்தார். "இத்தனை வருஷம் படிக்க வச்சோம், ஒரு தட்டைக் கழட்ட மாட்டேனா" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த பீரோவில் ஒரு கோளாறு உண்டு. கதவை முழுக்கச் சாத்தினால் வெளியில் கைப்பிடி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். அதனால் கதவு விளிம்பில் ஒரு துண்டைப் போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு உட்காருவேன்.

அந்த அறையின் ஜன்னலை ஒட்டி, தெருவில் பச்சைக் குடைக்குக் கீழே ஒரு அக்கா மீன் விற்பார். விடிவதற்குள் கோவளம் போய் மீன் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வந்து அன்னக்கூடையை இறக்கி வைப்பார். நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், "தீ! தீ! எல்லோரும் உடனே வெளியேறுங்கள்!" என்ற வாக்கியத்தை வாசித்தேன். அடுத்த நிமிடம் வீட்டுக்குள் ஓடிவந்து, பீரோ இடுக்கில் ஒரு வாளித் தண்ணீரை வீசினார் அந்த அக்கா. மீன் கழுவிய தண்ணீர். (அம்மாவின் அரக்கு பட்டு அதன்பிறகு கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை.) தலையில் செதிலோடு நின்று அவருக்கு என் வேலையை விளக்கினேன். அவர் அதைத் தெரு முழுக்க விளக்கிவிட்டார். அதோடு நான் என்ன கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்பதுபோல நூறு வாக்கியங்கள். இது தேறினால் நானே பரிசோதகர் ஆகிவிடலாம். மாதச் சம்பளம், வீட்டு முகவரிக்கு வரும் அடையாள அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச் அங்கிள்கள் முன்னால் போய் நிற்பதுபோல ஒத்திகையே பார்த்துவிட்டேன். ஆனால் முதல் தடவை அனுப்பியது திரும்பி வந்தது. 'உணர்ச்சி போதாது. பின்னணியில் சத்தம்.' இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் அன்று மத்தியானத்துக்குள்.

நான் பீரோவுக்குள் ஏறி உட்கார்ந்த நேரம் பார்த்து இரும்பு வண்டி வந்தது. வேறு வழியில்லை. போனில் பதிவை ஓடவிட்டு, துண்டை உருவி, கதவை உள்ளிருந்து இறுக்கி இழுத்தேன். வெளியில் கைப்பிடி 'டக்'கென்று விழுந்தது.

போன் கையில்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன், அப்பாவைக் கூப்பிட்டேன், போகவில்லை. இரும்புப் பெட்டிக்குள் டவர் கிடைக்காது. இதைப் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்து, பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

சரி, கத்த வேண்டியதுதான். வாக்கியங்களுக்கா பஞ்சம்? நூறு தயாராக இருந்தது. "யாராவது இருக்கிறீர்களா?" "என்னைக் காப்பாற்றுங்கள்." "என்னால் மூச்சு விட முடியவில்லை." அன்றைக்கு உணர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. கொஞ்சம் நிறுத்தி, காதைத் தகரத்தில் வைத்துக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பேச்சுக் குரல்.

"யாரோ கத்துற மாதிரி இல்ல?"

"அது ஒண்ணியும் இல்லம்மா. டீச்சர் புள்ள கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் குட்துகினு கீது. நீ சங்கரா எட்துக்கோ, இப்போ வந்த மீனு."

அரை மணி நேரம் ஆகியிருக்கும். தொண்டை கட்டிவிட்டது. அந்த இருட்டில் ஒன்று உறைத்தது. நூறு வாக்கியத்திலும் ஒரு ஆளின் பெயர் இல்லை. யாரையும் கூப்பிடாமல்தான் இத்தனை நேரமும் கத்திக்கொண்டிருந்தேன். அந்த அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், பெயர் தெரியவில்லை. ஐந்து மாதம் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர், தீயென்று நம்பி ஓடிவந்தவர். நான் ஒருநாளும் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டதைவிட அதுதான் அதிகம் வலித்தது. உலகத்தில் யாரும் என்னிடம் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன், தானும் யாரிடமும் பேசியதில்லை.

"பச்சைக் குடை அக்கா" என்று கூப்பிட்டேன். குரல் பாதிதான் வந்தது. "அக்கா, நான் டீச்சர் பையன். நிஜமாவே மாட்டிக்கிட்டேன்க்கா. உங்களைத்தான் கூப்பிடுறேன்."

அன்னக்கூடையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இன்னா, என்னியா கூப்ட்ட?"

வாசல் கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. கைப்பிடி திரும்பியது, வெளிச்சம் வந்தது, மீன் வாசனை வந்தது. மாம்பழக் கலர் காஞ்சிபுரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மூட்டையைப் போல வெளியே சரிந்தேன்.

"டீச்சர் பொடவைக்குள்ள இன்னா தம்பி பண்ற?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "துன்னியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். இருபத்தைந்து வயதில், தரையில் உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதேன். பகலில் என்னிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

"நாளெல்லாம் பேசிகினே கீற. ஒரு ஆளாண்ட பேசலியே தம்பி நீ" என்றார். பிறகு, "என் பேரு ராஜி" என்றார்.

இத்தனை நேரமும் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே நிறுத்தப் போய், அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன். நான் கத்தியது, சங்கரா, ராஜி அக்கா, என் அழுகை எல்லாம் பரிசோதகர் 14-க்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் பதில் வந்தது. 'உணர்ச்சி: மிக நன்று. நிராகரிக்கப்பட்டது. காரணம்: பதிவில் வேறொரு நபர் இருக்கிறார்.'

அடையாள அட்டை வரவில்லை. இன்றைக்கும் நான் ஆன்லைனில்தான் வேலை பார்க்கிறேன், வீடியோக்களுக்கு வசனம் எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, நாற்காலியில். எங்கள் வீட்டில் அதற்குப்பின் யாரும் தட்டாமல் பீரோவைத் திறப்பதில்லை. எனக்குப் பெண் நிச்சயமான அன்று, தாம்பூலத் தட்டுக்குப் புடவை எடுக்கப் போன அம்மா, சம்பந்தி வீட்டார் முன்னால் பீரோவை இரண்டு தட்டு தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். சம்பந்தியம்மா பயந்து எழுந்துவிட்டார். இப்போது என் மனைவியும் தட்டுகிறாள்.

ராஜி அக்கா மட்டும் பீரோவைப் பற்றிக் கேலி செய்வதில்லை. தினமும் காலையில் அன்னக்கூடையை இறக்கி, பச்சைக் குடையை விரித்துவிட்டு, ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார்.

"தம்பி, கீறியா?"

"கீறேன்க்கா" என்பேன். அதற்குப் பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பேன்.