அகராதி அண்ணன் மாற்றாத சொல்

சம்பளம் போதாமல் வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். முதலாளியின் மகளைக் காதலித்து வேலையை இழந்த ஒருவரையும் தெரியும். ஆனால் போடியிலிருந்து கூடலூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரே ஒரு சொல்லுக்காக வேலையைத் தொலைத்தவர் எங்கள் அகராதி அண்ணன் ஒருவர்தான்.

எங்கள் பக்கத்தில் அகராதி என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று சொற்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகம். இன்னொன்று யாருக்கும் அடங்காத திமிர். அண்ணனுக்கு இரண்டும் பொருந்தியதால் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

போடியில் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நான் அடுத்த மேஜையில் லாரி அனுப்பும் கிளார்க். மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணசரும் நேரத்தில் அவர் ஒரு நாவலைத் தட்டிக்கொண்டிருப்பார். கதையில் ஒரு நகரம். அதை ஆள்கிறவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சொல்லைத் தடை செய்கிறார்கள். முதலில் 'பசி' போகிறது. பிறகு 'ஏன்' போகிறது. சொல் போன கொஞ்ச நாளில் அந்த விஷயமே ஜனங்களுக்கு மறந்துவிடுகிறது. பயத்தில் 'ஞாபகம் இல்லை' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு நிஜமாகவே ஞாபகம் போய்விடுகிறது. அந்த நாவலுக்கு ஒரே வாசகன் நான். கண்ணால் பார்த்ததை எவனாவது மறப்பானா, கொஞ்சம் ஓவராக இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் எனக்கு டீ வாங்கித் தரவில்லை.

அப்போதுதான் வெளியூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே ஒரு சர்க்குலர். இனி ஆபீஸில் யாரும் 'புகார்' என்று சொல்லக்கூடாது, 'கருத்து' என்று சொல்ல வேண்டும். 'ஆபத்து' கூடாது, 'வாய்ப்பு'. நல்ல சொற்களைப் பேசினால் நல்ல எண்ணம் வளருமாம். அதை டைப் அடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பொறுப்பு அண்ணனுக்கு. போட்டுவிட்டு என் காதில் சொன்னார்: "தம்பி, என் மூணாவது அத்தியாயத்த இந்தாளு படிச்சுட்டாரு போல."

அன்றிலிருந்து கம்பெனியில் அவரைப் போலச் சட்டத்தை மதித்தவர் கிடையாது. டீயில் ஈ கிடந்தால், ஒரு கருத்து மிதக்கிறது என்பார். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றபோது, மோட்டார் மூன்று நாளாகக் கருத்துத் தெரிவிக்கிறது என்று எழுதியே கொடுத்தார். ஒருநாள் குடோனிலிருந்து ஒரு சாரைப்பாம்பு மேனேஜர் அறைக்குள் போய்விட்டது. அண்ணன் கதவோரம் நின்று நிதானமாக, "சார், ஒங்க சேருக்கு அடியில ஒரு வாய்ப்பு போகுது" என்றார். குனிந்து பார்த்த மேனேஜர் மேஜை மேல் ஏறி நின்றதை, காய் பிரிக்கும் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். ஒரு மாதம் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ராக்கம்மாவோடு நின்றது. ராக்கம்மா அந்தப் பெண்களில் மூத்தவர். ஒரு முற்பகலில் குடோனில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவர் கால்மேல் விழுந்தன. நானும் அண்ணனும்தான் மூட்டைகளைப் புரட்டி அவரை வெளியே இழுத்தோம். எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால் மேனேஜர் காத்து நிற்கிறார். ராக்கம்மா வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார், கம்பெனியில் எதுவும் நடக்கவில்லை என்று அண்ணன் டைப் அடிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன் உட்கார்ந்தார். அடித்தார். பிரிண்ட் எடுத்து நீட்டினார். தாளில் ஒரே சொல் இருந்தது: விபத்து.

மேனேஜர் கிழித்தார். அண்ணன் இன்னொன்று எடுத்தார். நாலாவது தாளில் வேலை போனது. "இந்த ஒரு சொல்ல மட்டும் என்னால மாத்த முடியாது சார். அந்தம்மா கால் ஒடிஞ்சு கெடக்காக" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் என்னைப் பார்த்தார். நான் லாரி நோட்டைப் பார்த்தேன்.

மேனேஜர் தானே ஒற்றை விரலால் தட்டி முடித்த தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அதோடாவது நான் நிறுத்தியிருக்கலாம். அண்ணன் ராக்கம்மாவின் மகனோடு அலைந்து தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். விசாரித்த அதிகாரி என்னைக் கேட்டபோது, சரியாக ஞாபகம் இல்லை என்றேன். எதிரே அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாட்சியத்தாலும் ஆஸ்பத்திரிச் சீட்டாலும் ராக்கம்மாவுக்கு நியாயம் கிடைத்தது. கம்பெனி வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டது. கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் ராக்கம்மா நடந்தார். ஆனால் நாலைந்து வருடத்துக்குள், அவர் வீட்டில்தான் விழுந்தார் என்று ஆபீஸில் பாதிப் பேர் நிஜமாகவே நம்பினார்கள். எனக்கே அந்த நாளை நினைத்தால் மூட்டைகளும் வீட்டுப் படியும் கலந்து வந்தன. நீங்கள் எழுதியதில் ஓவர் எதுவும் இல்லை அண்ணே என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

போன தையில் ஒரு கல்யாணத்துக்காகக் கூடலூர் போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு சின்ன டைப்பிங் கடை. உள்ளே அண்ணன், நரைத்த தலையோடு, யாருக்கோ விண்ணப்பம் அடித்தபடி, அந்த ஆள் எழுதிக் கொண்டுவந்த தாளில் இருந்த ஒற்றுப்பிழைக்காக அவரோடு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஸ்டூலை நகர்த்தினார். "வா தம்பி, இங்கன உக்காரு. ராக்கம்மாகூட ஒன்னையப் பத்திக் கேட்டாக."

நாவல் என்ன ஆனது என்றேன். முடியவில்லையாம். தடை செய்யலாம் என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் இப்போதெல்லாம் பாவமாக இருக்கிறதாம்.

வந்த ஆள் போனதும் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார். கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "நீ செஞ்சது தப்புத்தான். இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ஒன் மகளுக்கு மூணு நாளாக் காய்ச்சல். காலைல லீவு கேட்டுப் போயி அந்தாளுகிட்ட ஏச்சு வாங்கிட்டு வந்து நின்ன. ஞாபகம் வைக்கிறதுன்னா அதையும் சேத்துத்தான் வைக்கணும்."

மகளுக்குக் காய்ச்சல் அடித்தது எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. இத்தனை வருடமும் எனக்காக அவர்தான் அதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்.