பத்தொன்பது குறைகளில் இரண்டு வந்து சேரவில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கடைதான் படுத்துவிட்டது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாகவே இருப்பீர்கள், உங்கள் வீட்டில் சர்வர் இல்லையே.

வரும் வெள்ளிக்கிழமை வியாபாரிகள் சங்கக் கூட்டம். மற்ற பன்னிரண்டு கடைகளுக்கும் உங்களையே சர்வர் வைக்கச் சொல்வதா என்று என்னைத்தான் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவன், அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

ஆறு மாதம் முன்பு, பூட்டும் கீலும் அடுக்கிய என் பின்னறையில் இடம் ஒழித்து அந்தச் சர்வர் பெட்டியை வைத்தீர்கள். கடையின் நான்கு கணினிகளும் இனி அதைக் கேட்டுத்தான் நடக்கும் என்றீர்கள். நடந்தன. போன வாரம் அதில் மென்பொருளின் புதுப் பதிப்பு ஏற்றியதாகச் சொல்லி, ‘தெரிந்த குறைகளும் மாற்று வழிகளும்’ என்று ஏழு பக்கம் அனுப்பினீர்கள். மாப்பிள்ளை, முப்பது வருஷமாகப் பூட்டு விற்கிறேன். ‘இந்தப் பூட்டு மழை பெய்தால் திறக்காது, எங்களுக்கே தெரியும், ஜன்னல் வழியாக உள்ளே போகவும்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்தப் பூட்டாலேயே என் மண்டையைப் பிளப்பார்கள். உங்கள் தொழிலில் மட்டும் இதற்குப் பெயர் ஒழுங்குமுறை.

சரி, சீட்டு வந்தாயிற்று. சீட்டோடு வந்த எதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் நான் ஏற்றுக்கொண்டதில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது குறை, சர்வரின் பெயர் நீளமாக இருந்தால் மற்றக் கணினிகளுக்கு அது தெரியாது. கடையின் முழுப் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்று நான்கும் கையை விரித்துவிட்டன. பில் போடும் அம்மா கையாலே பில் எழுத, வாடிக்கையாளர்கள் வாசல்வரை நின்றார்கள். ஐந்தாவது, கடிகாரம் தப்பாக இருந்தால் யாரையும் உள்ளே விடாது. ஒரு வருஷம் பின்னால் தள்ளினேன். முதலாளி என்னையே விடமாட்டேன்னுடுச்சு. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறதென்று பார்க்க வழியில்லாமல் கிடங்குக்காரர், குளியலறைத் தாழ்ப்பாள் கேட்ட கட்டட மேஸ்திரிக்கு இரும்புக்கதவுப் பூட்டு இருநூறு ஏற்றிவிட்டார். மேஸ்திரி போனில், குளிக்கப் போறவங்களை வெளியிலிருந்து பூட்டிட்டுப் போகணுமா என்று கேட்டார். எட்டாவது, பென் டிரைவைச் செருகியபடி மறுபடி கிளப்பினால் திரை கருப்பாக நிற்கும். நின்றது. மாற்று வழி, ‘சற்றுக் காத்திருக்கவும்’. இதெல்லாம் ஒரு வழியா? தீப்பிடிச்சா வேர்வையைத் துடைச்சுக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு.

இப்படி மூன்று நாள் கடை ஸ்தம்பித்தது. பத்தொன்பதில் பதினேழு குறை வந்து சேர்ந்ததற்கு டிக் போட்டுவிட்டேன். பாக்கி இரண்டு எங்கே? ஒன்றில் சத்தம் விட்டு விட்டு வரும் என்கிறீர்கள், மற்றதில் கரகரக்கும் என்கிறீர்கள், இந்தப் பெட்டிக்கு ஸ்பீக்கரே இல்லை. சீட்டிலேயே பொய்.

மகள் போன் பண்ணி, “அப்பா, இந்தப் பன்னிரண்டு கடையை நம்பித்தான் அவர் இருந்த வேலையை விட்டார்” என்றாள். மனசு கேட்கவில்லைதான். ஆனால் தேறாத சரக்கைத் தேறும் என்று சபையில் எப்படிச் சொல்ல? வியாழக்கிழமைக்குள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, பெட்டி வெளியே போன பிறகு.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பிழை பார்க்கச் சொல்லி பில் போடும் அம்மாவிடம் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, “ஐயா, ஆறு மாசத்துல இது ஒரு நாள் நின்னிருக்கா? நீங்க பென்சிலை எடுத்த பிறகுதானே நின்னுச்சு” என்றார். அவரே பெயரைச் சுருக்கி, கடிகாரத்தைத் திருப்பி, பென் டிரைவைப் பிடுங்கினார். பத்து நிமிஷத்தில் எல்லாம் ஓடுகிறது. யோசித்துப் பார்த்தால், தன் சரக்கின் குறையைத் தானே எழுதிக் கொடுத்த ஆளை இந்த முப்பது வருஷத்தில் நான் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை சபையில் இதைத்தான் சொல்லப் போகிறேன். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டு கடைகளிலும் உங்கள் ஏழு பக்கத்தை முதலாளிகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பில் போடுகிறவர்களிடம் கொடுங்கள்.