டிரைவர் ஜீவானந்தம்

"டிரைவர்கிட்ட போனைக் குடும்மா" என்றாள் ஜெனி.

அமலராணி பக்கத்து சீட்டைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் கணவர் வில்பிரட்தான் உட்கார்ந்திருந்தார். அவர்கள் இருவரைத் தவிர காரில் யாரும் இல்லை. செங்கல்பட்டை அப்போதுதான் தாண்டியிருந்தார்கள்.

சேலையூரிலிருந்து சொந்தக் காரில் ஏற்காடு போய், மலையை நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது, ரிட்டையர் ஆன நாளிலிருந்து வில்பிரட்டின் ஆசை. ஆனால் போன மாதம் அவர் கேம்ப் ரோட்டில் யாருடைய காம்பவுண்ட் சுவரிலோ காரை உரசிவிட்டார். கேளம்பாக்கத்திலிருந்து மகள் ஜெனி வந்து நின்றாள். "டிரைவர் வச்சாத்தான் ஏற்காடு. நீங்க ஓட்டினது தெரிஞ்சா கார் சாவி என்கிட்ட வந்துடும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"டிரைவர் போட்டாச்சும்மா, பேரு ஜீவானந்தம்" என்று வாயில் வந்த பெயரைச் சொல்லிச் சமாளித்தவள் அமலராணிதான்.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

வில்பிரட் வண்டியை ஓரம் கட்டிப் போனை வாங்கினார். தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கத் தமிழ் இலக்கணம் நடத்திய மனிதர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம், சொல்லுங்கோ."

அமலராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அறுபதுக்கு மேல போகாதீங்க. அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு முந்து, முந்துன்னு நச்சரிப்பார். காதுலயே வாங்காதீங்க."

"அவரு கெடக்கறாரு மேடம். நான் கண்டுக்கவே மாட்டேன்."

போனை வைத்ததும் வில்பிரட் ஜெயித்த குஷியில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். அமலராணி அவர் தோளைத் தட்டினாள்.

"அறுபது. மேடத்துக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க."

"அது ஜீவானந்தம் குடுத்த வாக்கு."

"இப்ப ஓட்டறது யாரு?"

வில்பிரட் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினார். மணல் லாரிகள்கூட அவர்களை முந்திக்கொண்டு போயின.

உளுந்தூர்ப்பேட்டையில் சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி போன். டிரைவர் அண்ணா கொஞ்ச நேரம் தூங்கி எழுந்துதான் வண்டியை எடுக்க வேண்டுமாம். பகல் தூக்கம் சோம்பேறிகளுக்கு என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிவந்தவர், புளியமரத்து நிழலில் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டார். எழுந்தபோது தலை லேசாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

வண்டியை எடுக்கும்போது ஜெனி அப்பாவைக் கூப்பிட்டாள். "டிரைவர் எப்படிப்பா?"

வில்பிரட் சொந்தக் குரலுக்கு வந்தார். "மாட்டு வண்டி மாதிரி ஓட்டறான். மத்தபடி தங்கமான பையன். முப்பது வயசு இருக்கும்."

அந்த முப்பதுதான் வினையாயிற்று. சேலம் தாண்டி மலையடிவாரத்துக்கு வந்ததும் ஜெனி வீடியோ காலில் வந்தாள். "மலை ஏறப்போறீங்க. அவ்வளவு சின்ன வயசுக்காரர்னா நான் ஒரு தடவை முகத்தைப் பாத்துடறேனே."

"அவருக்குப் பல்வலிம்மா" என்றாள் அமலராணி, யோசிக்காமல். "முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு."

போனைத் தன் முகத்தருகே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பையிலிருந்த குளியல் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். வில்பிரட் அதைத் தலையைச் சுற்றித் தாடையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டார். கண்கள் மட்டும் தெரிந்தன. அமலராணி போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஐயோ பாவம்! அண்ணா, ரொம்ப வலியா?"

"ம்ம்" என்றார் ஜீவானந்தம்.

"கடினமா எதையும் கடிக்காதீங்க. ராத்திரிக்குக் கஞ்சி போதும். மலையில ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிங்க. நடுநடுவே நிறுத்தி ஓய்வு எடுங்க."

"ம்ம்."

அப்படியே செய்தார்கள். வளைவு வளைவாக ஏறி, வசதி கிடைத்த இடத்திலெல்லாம் நின்றார்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் இறங்கி வந்து காரின் கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனது. ஓரிடத்தில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. அமலராணி இறங்கி அந்த வாசனையை இழுத்துக்கொண்டு நின்றாள்.

"வேகமா வந்திருந்தா இதெல்லாம் பாத்திருப்போமா?"

"ஜீவானந்தத்துக்குத்தான் நீ நன்றி சொல்லணும்" என்றார் வில்பிரட், துண்டைக் கழற்றிக்கொண்டே.

சாயங்காலம் காட்டேஜ் வந்து சேர்ந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் கிளியம்மாள் மேஜையில் சப்பாத்தியும் ஆவி பறக்கும் கோழிக் குழம்பும் வைத்தாள். கடைசியாக ஒரு கிண்ணத்தில் கஞ்சி வந்தது.

"இது டிரைவருக்குங்க. பல்வலின்னு மேடம் போன் பண்ணாங்க."

"அவன் கார்ல படுத்திருக்கான். நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன், வச்சுட்டுப் போம்மா" என்ற வில்பிரட், கோழிக் குழம்பைத் தன் பக்கம் இழுத்தார்.

கிளியம்மாள் அதை மெதுவாக அமலராணியிடம் நகர்த்திவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க சார். 'எங்கப்பா நான் சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டாரு, டிரைவரா இருந்தா எல்லாத்தையும் கேப்பாரு, ஊர் திரும்புற வரைக்கும் அவரை டிரைவராவே வச்சுக்குங்க'ன்னு மேடம் காலையிலயே சொல்லிட்டாங்க."