பேப்பர் அண்ணையும் மூக்குள்ள தேவியும்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடவுளை நம்பாதவர்கள் உண்டு, வங்கியை நம்பாதவர்களும் உண்டு. ஃபோட்டோகொப்பியை நம்பாதவர் பேப்பர் அண்ணை ஒருவர்தான். அகதியாக வந்த நாளிலிருந்து சேர்ந்த கடிதங்களை எல்லாம், அசலாகவே, ஒரு கறுப்புப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவார். ரூ பெர்தொனே தெருவில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் பையும் வரும். ஊரார் கல்யாணப் படங்களில் மணமகளுக்குப் பக்கத்தில் அதுவும் நிற்கும்.

போன கோடையில் எங்கள் சங்கம் மார்செய் பக்கம் பஸ்ஸில் சுற்றுலா போனது. அங்கே பண்டைய கிரேக்கர்களின் பொருள்களை வைத்திருக்கும் சின்ன மியூசியம் ஒன்று. அண்ணைக்கு அடுத்த திங்கட்கிழமை பிரெஃபெக்சர் அலுவலகத்தில் குடியுரிமைக்கான நேர்முகம். அசல்கள் இல்லையென்றால் கதை கந்தல்.

கிரேக்கர்கள் கப்பலில் வந்து மார்செய் நகரத்தை அமைத்தார்கள் என்றாள் வழிகாட்டிப் பெண்.

"தம்பி, அவையிட்டைப் பேப்பர் இருந்ததோ எண்டு கேள்" என்றார் அண்ணை. நான் கேட்கவில்லை.

சிலைகளும் அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒண்டுக்குக் கையில்லை, ஒண்டுக்கு மூக்கில்லை. பின்னமான விக்கிரகத்தைக் கும்பிடக்கூடாதெல்லோ!"

கடைசி அறையில் ஒரு தேவி மூக்கும் முழியுமாக நின்றாள். அண்ணை சப்பாத்தைக் கழற்றினார், பையைக் கீழே வைத்தார், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். காவலாளி ஓடிவந்து சத்தம் போட, பதறியடித்துச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பை வரவில்லை.

சற்று நேரத்தில் மணி அலறியது. எல்லோரையும் தெருவுக்குத் துரத்தினார்கள். ஆளில்லாத பை ஒன்று கிடக்கிறதாம், வெடிக்க வைத்து அழிக்கப் போகிறார்களாம். அண்ணை நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"ஐயோ, என்ர பேப்பர்!"

பொலிஸ்காரரிடம் ஓடினோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். அண்ணை கண்ணை மூடித் தேவாரம் போல ஒப்புவித்தார்: "பிறப்புச் சான்றிதழ், மூலை கிழிஞ்சது. அகதியா ஏற்கமாட்டம் எண்டு வந்த முதல் கடிதம். மாட்டம் எண்டு வந்த ரெண்டாம் கடிதம். அம்மா செத்த கடிதம். செத்தவீட்டுக்குப் போகேலாது எண்டு இந்த நாட்டு அரசாங்கம் தந்த கடிதம்..."

பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்த நான் அந்தக் கடைசிக் கடிதத்தை 'இன்னொரு கடிதம்' என்று மட்டும் சொன்னேன்.

அப்போது அதே காவலாளி முன்னால் வந்தார். "இவரேதான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சிலையைக் கும்பிட்டவர். பை இவருடையதுதான்."

பை முழுசாக வெளியே வந்தது. நான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தேன்.

"எல்லாம் இருக்கு தம்பி. நீ ஏன் அழுறாய்?" என்றார் அண்ணை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். நேர்முகம் நல்லபடி முடிந்தது. திரும்பும் ரெயிலில் அண்ணை அசந்து தூங்கிவிட்டார். பை என் மடியில் இருந்தது. நாங்கள் இறங்கவேண்டிய லா கூர்னெவ் வரும்வரை நான் கண் மூடவில்லை.