இடது சக்கரத்துச் சந்தனம்

1991-ஆம் ஆண்டு டைரியில், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பக்கத்தில், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "முன்சக்கரங்கள் இரண்டிலும் தானியங்கி ஹப் கழற்றப்பட்டு, கையால் திருப்பும் ஹப் பொருத்தப்பட்டது. இனி எந்தச் சேற்றிலும் கவலையில்லை." என் டைரிகளில் பொய்கள் குறைவு. இது அவற்றில் தலையாயது.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தொழிற்சாலை கட்டப்போகிற நிலங்களில் மண் பரிசோதனை செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். பிள்ளைப்பாக்கத்தில் ஏகாம்பரம் என்ற விவசாயியின் வீட்டுப் பின்புறம் ஓர் அறை. பத்து மாதமாகியும் ஊரில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. நான் 'ஜீப்பு சார்'. (ஜீப் இல்லாத நாட்களில் அதுவும் இல்லை.) ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் செய்தித்தாளை உரக்கப் படிப்பேன், டெண்டர் விளம்பரங்கள் உட்பட.

ஜீப் நிறுவனத்துடையது, பழைய ஜப்பான் வண்டி. சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு லிவரைப் போட்டால் போதும், முன்சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்புகள் தாமே அச்சோடு பூட்டிக்கொள்ளும். ஒருநாள் அவை பூட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டன. தண்டலத்து மெக்கானிக் ஒருவர் கையால் பூட்டும் வகையை மாட்டினார். சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு திருகு. இறங்கிப் போய், அதை 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும்.

"ரெண்டும் லாக் ஆனாத்தான் சார் முன்னால இழுக்கும். ஒண்ணு வுட்டாலும் வேஸ்ட்டு" என்றார். நான் அந்த விஷயத்தில் ஒரு புத்தகமே படித்திருந்தவன். பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

மறுநாள் பூஜையில், ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மாள் தட்டோடு வந்தார். "புதுச் சாமான் மாட்டிக்கீறியாமே? பொட்டு வைக்காம வுடலாமா?" என்று இரண்டு திருகுகளிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டிய எழுத்து, அம்புக்குறி எல்லாம் மறைந்தன. துடைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் எனக்கென்று ஒருவர் செய்த முதல் காரியம் அது. துடைக்க மனம் வரவில்லை.

பிறகு ஏகாம்பரம் வந்தார். "ஞாயித்துக்கெழம நம்ம பொண்ணு மல்லிகாவுக்கு நிச்சயம். மாப்ள வூட்டுக்காரங்க வாலாஜாபாத்லேர்ந்து வந்து ரோட்ல எறங்குவாங்க. ஏரிக்கரை வழி சேறாக் கீது. நீதான் இட்டுனு வரணும். நம்ம வூட்டுப் புள்ள மாதிரி."

கடைசி வாக்கியத்தை டைரியில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

ஞாயிறு காலையிலிருந்தே மழை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மூன்றரைக்கு மாப்பிள்ளையின் அம்மா, மாமா, இரண்டு அத்தைகள், ஏழு வரிசைத் தட்டுகள் ஆகியவற்றோடு ஜீப்பை ஏரிக்கரை வழியில் இறக்கினேன். நூறு அடிக்குள் பின்சக்கரங்கள் புதைந்தன.

"இன்னா தம்பி, வண்டி சத்தம் மட்டும் போடுது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஜப்பான் வண்டிக்கா. யோசிக்குது" என்றார் மாமா.

"யாரும் இறங்காதிய. இதுக்குன்னே ஏற்பாடு இருக்கு" என்று நான் கம்பீரமாகக் குதித்தேன். முழங்கால் வரை சேறு. வலது திருகை வலப்புறமாகத் திருப்பினேன், பூட்டியது. இடது பக்கம் வந்ததும் என் படிப்பு குறுக்கே வந்தது. சில பழைய ஜீப்புகளில் இடது சக்கர நட்டுகளை எதிர்த்திசையில் திருக வேண்டும் என்று படித்திருந்தேன். ஆகவே இதுவும் அப்படித்தான். இடப்புறமாகத் திருப்பினேன். அசையவில்லை. சந்தனம் காய்ந்து திருகைப் பிடித்துக்கொண்டது என்று முடிவு செய்து, குறடு போட்டு முழு பலத்தோடு திருகினேன். டக்கென்று ஒரு சத்தம்.

"லாக் ஆயிட்டு" என்று அறிவித்தேன்.

லாக் ஆகவில்லை. உடைந்திருந்தது. லிவரைப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஜீப் முன்னே போகாமல் கீழே போனது.

நான்கு மணி ஆனதும் மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கையில் எடுத்தார். "எறங்குங்கடி. இவரு ஏரிய உழுதுட்டு வரட்டும்." தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரும் வரப்பில் நடந்தார்கள். "நீங்க போங்க, நான் வண்டியோட வாரேன்" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் அப்படி.

தனியாக நின்று, நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். இரண்டு திருகுகளிலும் அம்புக்குறி ஒரே திசையைக் காட்டியது. வலது. ஊருக்குள் மேளம் கேட்டது. தட்டு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, போக வேண்டிய இடமே இல்லாததுபோல் எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு மேல் டிராக்டர் வந்து இழுத்தது. கன்னியம்மாள் எனக்கென்று ஓர் இலை எடுத்து வைத்திருந்தார். ஆறிய சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டேன். குடும்பப் புகைப்படம் அதற்குள் எடுத்தாகிவிட்டது.

இன்றும் அந்த வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டால், "ஜீப்பு சாரக் கூப்புடு, ஒடச்சிக் குடுப்பாரு" என்பார்கள். மல்லிகாவின் பிள்ளைகளுக்கு என் பெயர் இப்போதும் தெரியாது. இது மட்டும் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் மல்லிகா ஒன்று சொன்னாள். "போட்டோக்கு முன்னாடி அப்பா தெருக்கோடி வரிக்கும் வந்து ரெண்டு தபா உன்னக் கூப்டாருண்ணா. நீ வரலன்னுதான் எடுத்தாங்க." ஏகாம்பரம் இப்போது இல்லை. கன்னியம்மாளுக்கு நினைவில்லை. அன்று எஞ்சின் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டாரா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.