வாழை இலையில் மாமனார்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். மொட்டை மாடியில இருக்கற வாழை இலையை எடுத்துட்டு வந்து மாமனார் கையில குடுக்கணும்.

சாதாரண இலை இல்லைங்க. வெயில்லயே போட்டோ அச்சடிச்ச இலை!

செய்முறை சுலபம். படத்தை பிளாஸ்டிக் ஷீட்டுல பிரிண்ட் போட்டு, பச்சை இலை மேல வெச்சு, அதுக்கு மேல கண்ணாடியை வெச்சு வெயில்ல போட்டுடணும். வெயில் பட்ட எடம் வெளுத்துடும். நெழல் விழுந்த எடம் பச்சையாவே இருக்கும். இலையிலயே படம் வந்துடும். கேமரா வாங்க விடாத வீட்டுல கலைஞன் இப்படித்தான் உருவாவான்.

நேத்து மாமனாருக்கு அவரு வீட்டுலயே அறுபதாம் கல்யாணம். அவரு பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. பாண்டிச்சேரியில 'சொல்தா'ன்னா, அதாவது பிரெஞ்சு சிப்பாய்னா, தனி மரியாதை. அந்த மரியாதையை அவரு யாருக்கும் திருப்பிக் குடுக்கறதில்ல. கல்யாணமானதுலேர்ந்து என்னைப் பாத்து ஒரு 'பரவால்ல' சொன்னதில்ல. போன பொறந்தநாளுக்கு நான் குடுத்த கடிகாரத்தை கோழிக் கூண்டுக்கு மேல மாட்டியிருக்காரு.

"இந்த தடவையாவது எங்கப்பா வாயால ஒரு நல்ல வார்த்தை வாங்குங்க"ன்னா என் வீட்டுக்காரி கலை.

அதுக்குத்தான் இந்த இலை. முந்தாநாளே மூலக்குளத்துல அவரு வீட்டுக் கொல்லையிலயே அறுத்து, அவரு மாடியிலயே வெயில்ல வெச்சேன். நேத்து காலையில கண்ணாடியைத் தூக்கிப் பாத்தா... அடடா! பட்டாளத் தொப்பி, மீசை, என்னைப் பாத்தா சுருங்குற அந்தப் புருவம், எல்லாம் அச்சு அசலா வந்திருக்கு! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

ஒரே பிரச்சனை. இலை ஓரத்துல சுருள ஆரம்பிச்சுடுச்சு. ஃபிரேமுக்குள்ள போற வரைக்கும் அது வாடக் கூடாது. யோசிச்சேன். நான் யோசிச்சாலே கலைக்கு பயம்.

வாழை இலை வாடாம இருக்கற எடம் எது? சமையல்காரங்க ஈரச்சாக்குல சுத்தி வெச்சிருக்கற இலைக் கட்டுதானே! அதுக்கு நடுவுல என் இலையைச் சொருகிட்டு, ஃபிரேம் வாங்க உப்பளம் கடைத்தெருவுக்குப் போனேன்.

"இலைக்கா சார் ஃபிரேம்?"னு கடைக்காரரு கேட்டாரு. அவருக்கு வெயில்ல படம் அச்சடிக்கறதை விளக்கிட்டு வர்றதுக்குள்ள இங்க பந்தி உக்காந்துடுச்சு.

இலைக் கட்டைக் காணோம். வெறும் சாக்குதான் கெடக்கு.

பந்தி பரிமாறுற அண்ணனைப் புடிச்சேன். "அண்ணே, ஒரு இலையில படம் இருந்துச்சே?"

"படமா? ஒண்ணுல கறை மாதிரி இருந்துச்சு. தண்ணி தெளிச்சு தேய்ச்சேன், போவல. சோத்தைப் போட்டு மறைச்சுட்டேன்."

"யாருக்குப் போட்டீங்க?"

"நல்ல பெரிய இலையாச்சேன்னு பெரியவருக்குதான்."

ஓடினேன். மாமனார் மாலையும் கழுத்துமா உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. வாழைக்காய் பொரியலுக்கும் அப்பளத்துக்கும் நடுவுல ஒரு பட்டாளத் தொப்பி எட்டிப் பாக்குது.

அப்பதான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுது. ஒருத்தர் படத்துக்கு இலை போட்டு சோறு வெக்கறதுன்னா அதுக்குப் பேரு படையல். செத்தவங்களுக்குப் போடறது. அறுபதாம் கல்யாணத்தன்னிக்கே மனுஷனுக்கு படையல் போட்டுட்டேன். அதையும் அவரையே சாப்பிட வெச்சிருக்கேன்.

வேற வழியில்ல. பரிமாறுறவங்ககிட்டேர்ந்து சோறு, கூட்டு, சாம்பார் வாளி எல்லாத்தையும் புடுங்கினேன். அவரு ஒரு வாய் அள்ளினா புருவம் தெரியுது, நான் ஒரு கரண்டி சோத்தைப் போடறேன். இன்னொரு வாய் அள்ளினா காது தெரியுது, கூட்டை வெச்சு அடைக்கறேன்.

"போதும் மாப்ள."

"இன்னும் கொஞ்சம் மாமா!"

"வயிறா, வண்ணான் சாலா?"ன்னு சிரிச்சாரு. சிரிச்சாருங்க! பக்கத்துல இருந்த அவரோட அக்காகிட்ட, "இன்னிக்குதான் மாப்ள என்னை இவ்ளோ ஆசையா கவனிக்கறாரு, பரவால்ல"ன்னாரு.

இத்தனை வருஷமா நான் ஏங்கின 'பரவால்ல'! தூரத்துல கலை கண்ணைத் தொடைச்சுக்கறா. நானும் தொடைச்சுக்கிட்டேன், என்னுது வேற காரணம்.

ஆனா பட்டாளத்து ஆளு ஒரு பருக்கை மிச்சம் வெக்க மாட்டாரு. மோர் சோத்தை வழிச்சு முடிச்சாரு. இலை பளபளன்னு ஆயிடுச்சு.

"ஐயோ, தம்பி! உன் மூஞ்சிடா!"ன்னு அலறினாங்க அக்கா. "படத்துக்கு இலை போட்டுட்டாங்களே! இன்னிக்குப் போயி..."

பந்தியே எழுந்து பாக்குது. மாமனார் இலையைப் பாத்தாரு. இலையில இருந்த மாமனாரும் அவரைப் பாத்தாரு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு. என் கையில சாம்பார் வாளி.

நிதானமா இலையைத் தன் பக்கமா மடிச்சாரு. சாப்பாடு திருப்தின்னு அர்த்தம். படத்தைப் பத்தி அதுல தகவல் இல்ல.

கை கழுவிட்டு நேரா என்கிட்ட வந்தாரு.

"மீசை நல்லா வந்திருக்கு மாப்ள. அடுத்த தடவை பரிசு குடுக்கறதா இருந்தா, சாம்பார் ஊத்தறதுக்கு முன்னாடி குடுங்க."