ஹால் சுவரும் மச்சானுக்கு வரவேண்டிய காய்ச்சலும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

மரியாதைக்குரிய மச்சான் வெங்கடேசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சங்கரியின் கணவன் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிற அளவுக்குச் சுகம். தாங்களும் கலைவாணி அக்காவும் அதைவிட நன்றாக இருக்கக் காமாட்சியை வேண்டுகிறேன். தாமல் ஏரியில் இன்னும் தண்ணீர் கிடப்பதாகச் சொன்னார்கள். தண்ணீர் என்ற பேச்சே இப்போது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்கள் ஊருக்காகச் சந்தோஷப்படுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் சங்கரி காதில் விழும்.

விஷயம் எங்கள் ஹால் சுவர். ஆடி பிறந்ததும் அதில் மிளகு சிதறின மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நம் ரேவதியின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைக்க வேண்டும், பெண் வளர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏனாத்தூர்ச் சம்பந்தி நமச்சிவாயம் ஆசைப்பட்டது உங்களுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுசெல்லாம் சேலை விற்றவனுக்கு நிறம் தெரியாதா என்று, சந்தன நிறப் பெயிண்டை நானே வாங்கி நானே அடித்தேன். ஒரு வாரம் அழகாக இருந்தது. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், சந்தன உடம்பில் கறுப்புப் புட்டா எடுத்த மாதிரி சுவர் முழுக்கப் பூசணம்.

பெயிண்டர் கிறிஸ்டோபரைக் கூப்பிட்டேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "சார், இதைக் கொல்லாம மேல அடிச்சா, பெயிண்டையும் தின்னுக்கினு வளரும்" என்றார். சுரண்ட வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், நன்றாகக் காய வேண்டும், பிறகுதான் பிரைமர் என்று சொல்லிவிட்டு, வாலாஜாபாத்தில் ஒரு மண்டப வேலையை முடித்துக்கொண்டு வருவதாகப் போய்விட்டார். நான் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் சுவரை வறட்டு வறட்டென்று தேய்த்தேன். தூள் கண்ணில் விழுந்ததால் ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். ஒரு சுவரில் சிவனே என்று இருந்த பூசணம் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் பறந்து, பக்கத்து அறையில் சங்கரியின் தறியில் ஏறியிருந்த பாவு நூல் வரைக்கும் போய்ப் படிந்தது. எல்லோருக்கும் தும்மல். ரேவதிக்குக் கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஜெயக்குமார் வீடியோ கால் போட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசிய பெண்ணைப் பார்த்து, கல்யாணத்தில் இஷ்டமில்லாமல் அழுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். "உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடும்மா, எங்க வீட்டுல நான் பேசிக்கிறேன்" என்றாராம். சுவர்தான் காரணம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பவில்லை. சுவருக்காக யார் அழுவார்கள்? நான் அழுகிறேன், மச்சான். என்னை யாரும் வீடியோவில் கூப்பிடுவதில்லை.

பிறகு பிளீச்சிங் பவுடர். கரைத்து, ரோஜாச் செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயரில் ஊற்றிச் சுவரெங்கும் அடித்தேன். நெடி தாங்கவில்லை. ஜன்னலைத் திறக்கலாம் என்றால், பெயிண்ட் அடித்தபோது கதவையும் சட்டத்தையும் சேர்த்தே அடித்திருந்தேன், ஒட்டிக்கொண்டு வரவில்லை. குடும்பத்தோடு தெருவில் போய் நின்றோம். நெடி அடங்கி உள்ளே வந்து பார்த்தால் சுவர் வெளுத்திருந்தது. அதோடு இன்னொன்றும் வெளுத்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கென்று சங்கரி தன் கையாலேயே நெய்த அரக்குச் சேலையை, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் காட்ட ஹால் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். நான் கவனிக்கவில்லை. முந்தானை முழுக்க வெள்ளைத் திட்டு. தொட்ட இடத்தில் பட்டு நைந்து வந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இத்தன மாசத்துல இதுல ஒரு இழை அறுந்ததில்லீங்க" என்று மட்டும் சொல்லி, மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு வருவதில்லை.

இவ்வளவு செய்தும் பூசணம் திரும்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தேவேந்திரன் வீட்டுக் குளியலறை. அங்கிருந்துதான் ஈரம் இறங்குகிறது என்று அவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். ரோஷக்காரர், கடப்பாரையை எடுத்துப் புது டைல்ஸை என் எதிரிலேயே பெயர்த்துக் காட்டினார். உள்ளே காய்ந்த மண். "பாத்துக்கினியா? திருப்தியாப்பா?" என்று கேட்டவர்தான், இப்போது என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார். கடைசியில் கிறிஸ்டோபர் வந்து தட்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. ரேவதிக்காக நீங்கள் அன்போடு வாங்கி அனுப்பினீர்களே ஏசி, அதை மாட்டியவன் தண்ணீர்க் குழாயைச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு நுழைத்திருக்கிறான். ஓட்டை மறுபக்கம் போகவே இல்லை. கத்திரி வெயிலில் நாங்கள் குளுகுளுவென்று தூங்கிய தூக்கமெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சுவருக்குள்தான் இறங்கியிருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை, மச்சான்.

குழாயை வெளியே திருப்பியாயிற்று. ஆனால் சுவர் காயாமல் கை வைக்கக் கூடாது, பழைய சுண்ணாம்புச் சுவர், மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் கிறிஸ்டோபர். நிச்சயதார்த்தமோ ஆவணி பிறந்து வருகிற இந்த வெள்ளிக்கிழமை. சம்பந்தியம்மாவுக்கு வீசிங் உண்டு; அவர்களை இந்த ஹாலில் உட்கார வைத்தால் தட்டு மாற்றுவதற்குள் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தள்ளி வைக்க நாமாகக் கேட்டால், பெண் அழுததும் இதுவும் ஒன்றுசேர்ந்து வேறு அர்த்தமாகிவிடும். யோசித்து யோசித்து ஒரே வழிதான் தெரிகிறது. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். ஆகவே தயவுசெய்து நீங்கள் படுத்துக்கொள்ள வேண்டும். பெரிய வியாதி வேண்டாம், காய்ச்சல் போதும். சங்கரிக்குத் தெரிய வேண்டாம்.

கலைவாணி அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசிகள். அவர்கள் கட்டப்போகும் வீடுகளின் சுவரெல்லாம் காய்ந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் உதவாத
தணிகாசலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது சம்பந்தி நமச்சிவாயம் போன் செய்தார். பதற்றத்தில், அவர் வாயைத் திறக்கும் முன்பே, உங்களுக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவர் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. ரேவதி சுவரைப் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் சிரித்து, அவர்கள் வீடே சிரித்து, அதே வெள்ளிக்கிழமை ஏனாத்தூரில் அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். ஆகவே நீங்கள் கட்டாயம் வர வேண்டும், காய்ச்சல் வேண்டாம். ஆனால் உங்களைப் பார்க்கச் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஆப்பிளோடு காரில் கிளம்பிவிட்டார்கள். உங்கள் போன் வழக்கம்போல ஸ்விட்ச் ஆஃப். அதனால் இந்தக் கடிதத்தோடு கிறிஸ்டோபரைப் பைக்கில் குறுக்கு வழியாக அனுப்புகிறேன். இன்று மட்டும் படுத்திருந்து, வெள்ளிக்கிழமைக்குள் தேறிவிடுங்கள். எல்லாவற்றையும் சங்கரியிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சேலை போன நாளிலிருந்து பேசாதவள் வாயைத் திறந்தாள்: "எங்கண்ணனுக்கு நடிக்க வராதே. அக்குள்ல வெங்காயம் வெச்சிக்கினு படுக்கச் சொல்லி எழுதுங்க." பெரியதாகப் பார்த்து அவளே பொறுக்கிக் கொடுத்தாள். கிறிஸ்டோபர் பையில் இருக்கிறது.